சிவலையின் முளை

பேய், முனி என்று கதைப்பவர்களைக் கண்டால் எழும்பிப் போகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் அவ்வளவு மடையன் இல்லை. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, என் மனிசியே நம்பவில்லை.

வட்டக்கச்சியில் காணி கிடைத்து வந்த புதிது. உழவுக்கு இருந்தது ஒரே சோடி மாடு, சிவலையும் மயிலையும். சிறுபோக உழவு நெருங்கும்போது சிவலை தலையைச் சரித்துக்கொண்டு, தன்னைக் கட்டியிருந்த முளைக்கட்டையையே இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. கயிறு சுருண்டு மூக்கு முட்டும்வரை சுற்றும், அவிழ்த்துவிட்டால் மறுபடியும் சுற்றும். பக்கத்துக் காணிக் கந்தையா அண்ணை, "முனி அடிச்சிட்டுதடா, ஒரு சேவல் அறு" என்றார். விடிய மாடு செத்துக் கிடந்தது. மயிலையும் போனால் அந்தப் போகமே இல்லை என்ற பயத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சி மாட்டு டொக்குத்தரிடம் ஓடினேன்.

பெரிய ஆட்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். அவர் குனிந்து எழுதியபடியே, "உடன மூளையைக் கொண்டு வாரும்" என்றார். என் காதில் விழுந்தது முளை. திருப்பிக் கேட்க வெட்கம். வீட்டுக்கு வந்து முளையைப் பிடுங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

"என்ன ஐசே இது?"

"முளை ஐயா."

"மாட்டின்ர மூளையைக் கேட்டனான்! உம்மட மூளையை எங்க விட்டிட்டு வந்தனீர்?"

பிறகு அவரே வந்து சிவலையின் தலையைப் பிளந்து, மூளையில் கொஞ்சம் கிள்ளி, கண்ணாடித் தட்டில் உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வைத்து மூடினார். அடுத்த கிழமை போனால் கரும்பச்சையாய்ப் பூஞ்சணம். அதையும், அன்றைக்கே என் வைக்கோலிலிருந்து எடுத்துவந்திருந்த பூஞ்சணத்தையும் பூதக்கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்டுதான். மூளைக்குள்ள போய் முளைச்சிருக்கு. முனியுமில்லை, சனியுமில்லை. நனைஞ்ச வைக்கோலை எரியும், மற்ற மாடு தப்பும். உம்மட முளையையும் கொண்டு போம்."

வீட்டுக்கு வாய்க்கால் ஓரமாக ஒரே நேர்ப்பாதை, ஒரு முடக்குக்கூட இல்லை. முளையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிதிக்கிறேன், மிதிக்கிறேன், முன்னால் தெரிகிறது டொக்குத்தரின் வாசல் கேற்.

"இன்னும் போகேல்லையே?"

மறுபடி மிதித்தேன். மறுபடியும் அதே கேற். அடுத்த தடவை அவர், "உம்மட தலையையும் ஒருக்காப் பிளந்து பாக்கோணும் போல" என்றார்.

பிறகு மதகடியில் இறங்கி முளையை வாய்க்காலுக்குள் எறிந்தேன். அது தண்ணீரோடு போகவில்லை. விழுந்த இடத்திலேயே இடப்பக்கமாகச் சுற்றியது. நான் திரும்பிப் பார்க்காமல் மிதித்து நேரே வீடு வந்து சேர்ந்தேன்.

வைக்கோலை எரித்தேன். மயிலை தப்பியது, வயலும் விளைந்தது. டொக்குத்தர் சொன்னது முழுக்கச் சரி.

ஆனால் இப்போதும் அந்த மதகடிக்கு வந்தால் வண்டில் மாடுகள் இரண்டும் இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் நேரே போகின்றன. பழைய மாடுகள் என்றால் ஏதாவது காரணம் சொல்லலாம். இவை போன வருஷம் மல்லாவியில் வாங்கியவை. முளைக் கதையை நான் இவற்றுக்குச் சொல்லவேயில்லை.