சரஸ்வதி பூஜையில் வைத்த டிஸ்க்

தரமணி ஆபீசில் எனக்கு வேலை, இன்னொரு கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற மெய்நிகர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது. அவற்றின் டிஸ்க்குகள் வேறோர் அறையில், பொதுச் சேமிப்பில் இருக்கும். நடுவில் இருப்பது நெட்வொர்க் ஒயர். அது போனால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே தன் டிஸ்க்கைத் தேடும். மண்டையை உடைத்துக்கொண்டு மீட்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மயிலாப்பூர் வீட்டிலும் அதே ஏற்பாடுதான். என் மனைவி ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். வகுப்புகளைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் மாடியில், அதன் டிஸ்க் கூடத்து அலமாரியில் ஒரு சின்னப் பெட்டிக்குள். புற்றுநோயில் அவள் போனபிறகும் நான் எதையும் அணைக்கவில்லை. போட்டுக் கேட்கத் துணிவும் வரவில்லை.

ஒரு வருஷம் வீட்டில் பண்டிகை கிடையாது. அது கழிந்து வந்த முதல் சரஸ்வதி பூஜையன்று குளித்துவிட்டு வந்தால், தம்புராவுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் நடுவே அந்தப் பெட்டி. சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"அவ பாட்டெல்லாம் இதுலதானே இருக்கு மாப்ளே," என்றார் என்னோடு இருக்கும் மாமனார். "அதுவும் பூஜையில இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன். நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம் எடுத்துக்கலாம்."

மாடியில் கம்ப்யூட்டர் டிஸ்க் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கத்த வாயெடுத்தேன். பெண்ணுக்குப் பூ வைத்துவிட்ட நிறைவு அவர் முகத்தில். விபூதி இட்டுக்கொண்டு பூஜைக்கு உட்கார்ந்தேன்.

விஜயதசமி காலையில் ஒயரைச் செருகினேன். கம்ப்யூட்டர் எழவில்லை. பெட்டிக்குள் அந்த டிஸ்க் இரண்டு கோப்புகளாக இருந்தது. ஒரு கட்டம்வரை பதிந்தவை பழைய கோப்பில், அதற்குப் பிறகானவை அதன்மேல் ஒட்டிய புதுக் கோப்பில். பழையது திறந்தது. ஓடும்போதே ஒயரைப் பிடுங்கியதில் புதியது உடைந்திருந்தது. எடுத்துவைத்த நகலும் பழைய பகுதிக்குத்தான். தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசி மாதங்களின் பதிவுகள் போனதை மாமனாரிடம் சொல்லிவிட்டு, மிஞ்சியதில் ஒரு வகுப்பைப் போட்டேன். குரல் கணீரென்று வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொழந்தை நன்னா பாடினதெல்லாம் இருக்கே, அது போறும். கடைசி மாசங்கள் போனா போகட்டும். மூச்சு வாங்கிண்டு, பாதியில நிறுத்திண்டு... அதை யார் கேக்கப்போறா?"

நான் கேட்பேன். நன்றாகப் பாடிய நாட்களில் அவளுக்கு வகுப்பில் என் ஞாபகமே வராது. அந்தக் கடைசிப் பதிவுகளில்தான், பாட்டை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் கேட்கக் கேட்க, "ஏன்னா, கொஞ்சம் வெந்நீர்" என்று என்னைக் கூப்பிடுவாள். என்னை அப்படிக் கூப்பிட இனி யாரும் இல்லை.

"போகட்டும் மாமா," என்றேன்.