தீபாவளிக்கு முந்தின நாள் அதிரசம்

விருந்தோம்பலைப் பற்றி உபதேசம் பண்ணுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். காரணம், எங்கள் சபையின் மாதர் சங்கத் தலைவி. எழுபதுகளில் என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை கிடைத்து, மில்லர்புரத்தில் வாடகைக்கு இருந்தோம். அந்த அம்மாள் மாதாமாதம் யார் வீட்டிலாவது கூட்டம் போடுவாள். அந்நியரை எப்படி உபசரிக்க வேண்டும் என்று மணிக்கணக்காகப் பேசுவாள். அவள் வீட்டில் மட்டும் கூட்டம் நடந்ததே இல்லை. கேட்டால், வெள்ளையடிக்கிறார்கள் என்பாள். ஒரு வீட்டுக்கு எத்தனை வருஷம் வெள்ளையடிப்பார்களோ, கர்த்தருக்கே வெளிச்சம்!

பக்கத்து வீட்டு அக்கா பலசரக்குக் கடைக்காரர் மனைவி. நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பாள். என் மகளுக்கு ஜன்னி கண்ட அன்று வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்தான். தலைவியோ, ஜெபித்துக்கொண்டதாக மறுவாரம் சொல்லியனுப்பினாள். உறவென்று ஒருவரும் இல்லாத அந்த ஊரில் எனக்கு அக்கா ஒருத்திதான். அவள் முகம் கோணினால் எனக்குப் போக்கிடமே கிடையாது.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டம் என் வீட்டில் வந்தது. தலைவிக்கு மக்ரூன் என்றால் உயிர். அதற்காகவே பேக்கரியில் வாங்கி அடுக்களையில் மூடி வைத்திருந்தேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா கொல்லை வழியாகத் தட்டு நிறைய அதிரசத்தோடு வந்தாள். நான் தட்டைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். அவள் காலித் தட்டுக்காக அடுக்களையில் நின்றாள்.

"யாரு குடுத்தது?" என்றாள் தலைவி.

"பக்கத்து வீட்டு அக்கா."

சாமிக்குப் படைத்த பண்டத்தை எங்கள் ஆட்கள் வாயில் வைக்க மாட்டார்கள். தலைவி ஒற்றை விரலால் தட்டைத் தள்ளினாள். "ஏளா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? படைச்சதைக் கொண்டாந்து சபையார் முன்னால வைக்கியே! கொண்டுபோய்க் கோழிக்குப் போடு."

மற்றவர்கள் வேதப்புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். கோழைகள்! அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"இது படைச்சதில்லம்மா. நாளைக்கு விடியக்காலந்தான் சாமிக்கு வைப்போம். நீங்க படைச்சது திங்க மாட்டியன்னு மொத ஈடு இவளுக்குத் தனியா எடுத்திருவேன். வருஷாவருஷம் அப்படித்தான்."

அவள் எப்போதும் ஒருநாள் முந்தியே பலகாரம் கொண்டுவருவாள். அவசரக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சாமிக்கும் முந்தி என் பிள்ளைகள் தின்றிருக்கின்றன.

"அப்பச் சரி, ஒண்ணு எடுத்துக்கிடலாம்" என்று தலைவி கையை நீட்டினாள். சீ, என்ன ஜென்மம்!

எங்கள் தெருவில் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. அதிரசத்தை வேறு தட்டில் கொட்டிவிட்டு, அடுக்களையில் மூடி வைத்திருந்த மக்ரூன் முழுவதையும் கூடத்துக்கே கொண்டுவந்து அக்காவின் தட்டில் நிரப்பினேன். தலைவியின் கண் அதைவிட்டு அகலவில்லை.

"ஏளா, அம்புட்டையும் எனக்குத் தாரியே, கூட்டத்துக்கு?" என்றாள் அக்கா.

"அதிரசம் இருக்குல்லாக்கா. கோழியெல்லாம் இங்கனதான உக்காந்திருக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுவருஷமும் ஒருநாள் முந்தியே வந்தாள்.