ஓர் ஆள் குறைந்த காலை

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடியில் குத்தகைக்கு எடுத்திருந்த மேட்டு நிலத்தில், எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ராக்கெட்தான். இரண்டு ஆள் உயரம், நான்கு கால்கள். அது மேலே போய், அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்று, கிளம்பிய இடத்திலேயே கால் ஊன்றி இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் அதையே திரும்பத் திரும்பப் பறக்கவிடலாம். எங்கள் ஏழு பேரின் மூன்று வருட உழைப்பு அதற்காகத்தான். முதலாவது இறங்கும்போது கால் முறிந்து சாய்ந்தது. இரண்டாவது அந்தரத்தில் இன்ஜின் அணைந்து விழுந்தது. மூன்றாவதும் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று எங்கள் தலைவர் முந்தின வாரமே சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பாதுகாப்பு என் பொறுப்பு. சுற்றிலும் ஆள் இல்லை என்று நான் வாக்கி டாக்கியில் சொன்ன பிறகுதான் இன்ஜினைப் பற்றவைப்பார்கள். ராக்கெட் தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினால், நான் சிவப்புப் பொத்தானை அழுத்தி இன்ஜினை நிறுத்த வேண்டும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த விதிகளை எழுதியவளே நான்தான்.

கோட்டுக்குக் கிழக்கே கரும்பு. அந்த வாரம்தான் அங்கே வெட்டு தொடங்கியிருந்தது. காலையில் பதினான்கு பேர் உள்ளே போனதை எண்ணியிருந்தேன். எட்டரை மணிக்கு எல்லோரையும் சாலைக்கு அனுப்பச் சொன்னபோது வந்தது பதின்மூன்று பேர். மேஸ்திரியைக் கேட்டேன்.

“ஒரு பொண்ணுதாங்க கொறயுது. வூட்டுக்குப் போயிருக்கும்ங்க. கொழந்தைக்கு ஜொரம்னு சொல்லிக்கினு இருந்துச்சி,” என்றார்.

போனதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். மற்றவர்களும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போனும் இல்லை. நான் கரும்புக்குள் கொஞ்ச தூரம் போய் மூன்று முறை குரல் கொடுத்தேன். கரும்பின் சோகை இலைகள் உரசும் சத்தம் மட்டும்தான் கேட்டது. என் அம்மா சின்னசேலம் பக்கம் கரும்பு வெட்டியவள். உடம்பு முடியாமல் போனால் அவள் யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே ஒரு பக்கமாகச் சுருண்டு படுத்துவிடுவாள். அது அப்போது என் நினைவுக்கு வந்தது.

ஒன்பதரைக்கு மேல் மலையிலிருந்து காற்று இறங்கும். டாங்கில் நிரப்பிய திரவ ஆக்சிஜன் ஆவியாகிக்கொண்டே இருந்தது. இன்னொரு லோடு வர நான்கு நாள் ஆகும், பறக்கவிடும் அனுமதியோ மறுநாள் முடிகிறது. களம் காலியா என்று தலைவர் வாக்கி டாக்கியில் இரண்டு முறை கேட்டார். நான் வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தி, “களம் காலி,” என்றேன்.

இன்ஜின் பற்றியது. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற எங்கள் நெஞ்செலும்புவரை அது அதிர்ந்தது. ராக்கெட் தென்னை உயரத்துக்குமேல் ஏறி, நின்றது. உண்மையிலேயே அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் யாரோ விம்மினார்கள். அப்போது காற்று வந்தது, எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே. ராக்கெட் மெல்லச் சாய்ந்து கிழக்கே நகர ஆரம்பித்தது.

“இரு, திரும்புது. கைய வைக்காத,” என்றார் தலைவர்.

அது கோட்டைத் தாண்டியது. நான் அழுத்தினேன்.

சத்தம் நின்று, அது கல் மாதிரி விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், கரும்பின் ஓரத்தில். காய்ந்த சோகை உடனே பிடித்துக்கொண்டது. தயாராக நின்ற தண்ணீர் லாரி போவதற்குள் நான் ஓடிவிட்டேன். பெயர் தெரியாததால் “யக்கா, யக்கா” என்று கத்திக்கொண்டே வரிசை வரிசையாகப் புகுந்தேன். புகையில் கண் திறக்க முடியவில்லை. சோகை கையைக் கிழித்தது. தரையில் ஒரு துணி கிடந்ததைப் பார்த்து ஓடிப்போய்ப் புரட்டினேன். அது யாரோ விட்டுப்போன, சுமைக்குத் தலையில் வைக்கும் சும்மாடு. தீயை அணைத்த பிறகு, சாலையில் நின்ற பதின்மூன்று பேரும் உள்ளே வந்து தேடினார்கள்.

இதற்கிடையில் மேஸ்திரி ஊர்க்காரர் ஒருவரைப் பைக்கில் அந்தப் பெண்ணின் ஊருக்கு அனுப்பியிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, பைக்கில் போனவரின் போனிலிருந்து அந்தப் பெண் பேசினாள்; மேஸ்திரி தன் போனை என்னிடம் நீட்டினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாளாம்.

“நான் இங்கதாங்க இருக்கேன். இன்னா ஆச்சி?” என்றாள்.

போனை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் பதிவுகளைப் பார்த்தோம். நான் அழுத்தியபோது ராக்கெட் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு விநாடி விட்டிருந்தால் திரும்பியிருக்கலாம். திரும்பாமலும் போயிருக்கலாம்.

அறிக்கையில் பொத்தானைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். ஆள் குறைவது தெரிந்தும் களம் காலி என்று சொன்னதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். தலைவர் படித்துவிட்டு அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது வேணுமா? அவங்கதான் அங்க இல்லியே.”

“இல்லன்னு நமக்கு அப்ப தெரியாதுங்களே, சார்.”

அவர் ஒரு வரிகூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் கம்பெனியை மூடினோம்.

சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று கரும்பில் வெட்டு கடைசி வரிசைக்கு வந்திருந்தது. அந்தப் பெண்ணே வரப்புக்கு வந்து, அன்றைக்குத் தன்னைத் தேடியது நான்தானா என்று கேட்டாள். குழந்தைக்குத் தேவலை என்றாள். சும்மா தலையாட்டி அனுப்பியிருக்கலாம். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவேளை அவள் உள்ளே இருக்கலாம் என்று தோன்றிய பிறகும் களம் காலி என்று சொல்லிவிட்டேன் என்பதையும்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமா என்று தெரியவில்லை.

“எங்கொழந்தைக்கு என்னிய வுட்டா யாரும் இல்லீங்க,” என்றாள். பிறகு கரும்புக்குள் போய்விட்டாள்.