தாம்பூலப் பையில் போன கத்தி

"இது தேறாது" என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைக்குமா கிடைக்காதா என்று விண்ணப்பம் போடும் முன்பே பார்த்துச் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் உலகத்தையே புரட்டிப்போடும் நம்பிக்கையோடுதான் வருவார்கள். காப்பி கொடுத்து, பொறுமையாகக் கேட்டு, தேறாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அதனாலேயே சொந்தக்காரர்கள் யாரும் யோசனை எதையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதில்லை. அத்திம்பேர் மட்டும்தான் வந்தார்.

அத்திம்பேர், என் அக்காவின் கணவர். மாட்டுங்காவில் வீடு. டிராம்பே பக்கம் துளையிடும் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஃகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முன்னால் இருக்கும் காப்பியில் ஆடை படிந்துவிடும். அக்கா அதை எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவருவாள். அதிலும் ஆடை படியும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என் அபிப்பிராயத்தைக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்த ஒரே பெரியவர் அவர்தான். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திலக் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு எஃகுப் பட்டையை மேஜைமேல் வைத்தார். ஹை ஸ்பீட் ஸ்டீல் என்பது துரப்பண முனைகள் செய்கிற எஃகு; வேலை செய்யும்போது நன்றாகச் சூடேறினாலும் அதன் கூர் போகாது. அதில் இரண்டு வகையை எடுத்து, மெல்லிய தகடுகளாக மாற்றி மாற்றி அடுக்கி, கோவண்டியில் ஒரு பட்டறையில் காய்ச்சி உருட்டி ஒன்றாக்கியிருந்தார். ஒரு வகை கடினம், இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் குறைவு.

"குறைச்சலா இருக்கறது முதல்ல தேயும். கெட்டியா இருக்கறது சின்னச் சின்னப் பல்லு மாதிரி துருத்திண்டு நிக்கும். தேயத் தேயத் தானே தீட்டிக்கும், சாணையே வேண்டாம்," என்றார். "பேட்டன்ட் கிடைக்குமான்னு பாரு. தேறாதுன்னா தேறாதுன்னே சொல்லிடு. நான் வருத்தப்பட மாட்டேன்."

வருத்தப்படுவார் என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் அவர் கண்டுபிடித்ததெல்லாம் கம்பெனியின் பேரில் போயிற்று. ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ஏதாவது ஒரு அரசாங்கக் காகிதத்தில் தன் பேரை அச்சில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அக்காவிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதனால்தான் எனக்கு எரிச்சலாக வந்தது. வேறு யாராக இருந்தாலும் நான் பாட்டுக்கு மறுத்துவிட்டுப் போயிருப்பேன். எஃகை அடுக்கடுக்காகச் சேர்ப்பது ஒன்றும் புதிதில்லை. வாள் செய்தவர்களே செய்தது. ஹை ஸ்பீட் ஸ்டீலோடு மென்மையான இரும்பைச் சேர்த்தவர்களும் நிறைய. என் வேலையில் கேட்க வேண்டிய கேள்விகளில் கஷ்டமானது ஒன்றுதான். அந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் தானாகவே தோன்றியிருக்கக்கூடியதா இது? தோன்றியிருக்கும் என்றால் காப்புரிமை கிடையாது. தோன்றியிருக்கும் என்றே நிச்சயமாக நினைத்துக்கொண்டு, மாலை வேளைகளில் உட்கார்ந்து பழைய காப்புரிமைகளைத் துழாவினேன்.

துழாவத் துழாவ என் எண்ணம் மாறியது. எஃகை அடுக்கியவர்கள் எல்லோரும் அது உடையாமல் இருப்பதற்காகத்தான் அடுக்கியிருந்தார்கள். சீராகத் தேய வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவரும் பாடாய்ப் பட்டிருந்தார்கள். சீரில்லாமல் தேய்வதை அந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு வியாதியாகத்தான் பார்த்தார்கள். அத்திம்பேர் ஒருவர்தான் அந்த வியாதியை வேண்டும் என்றே வரவழைத்து, அதனிடம் வேலை வாங்கியிருந்தார். எல்லோரும் போகாதே என்று சொன்ன பக்கம் ஒருவர் போய், கையில் ஏதோ எடுத்துக்கொண்டு திரும்பி வருவது. அதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லலாம் என்று ஃபோன்கூடச் செய்யாமல் இருந்தேன்.

சனிக்கிழமை காலை கீழே சாணைக்காரர் குரல் கேட்டது. சமையலறைக் கத்திகளையெல்லாம் ஒரு தட்டில் அடுக்கினேன். வழக்கம்போல ஒரு கத்தியை மட்டும் எடுத்துத் தனியே வைத்தேன். புளி பட்டுக் கறுத்துப்போன, பார்க்கச் சகிக்காத கத்தி. ஆனால் வெட்டுவதில் குறை சொல்ல முடியாது. அதை ஒரு தடவைகூடச் சாணைக்குக் கொடுத்ததில்லை.

தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பு நெடுக மெல்லிய கோடுகள். விரலால் தடவினால் பொடிப் பொடியாகப் பற்கள்.

அந்தக் கத்தி அத்திம்பேரின் அறுபதாம் கல்யாணத்துத் தாம்பூலப் பையில் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், மாட்டுங்காவில் ஒரு ஹாலில் நடந்தது. நான் வேலையாக டில்லி போயிருந்தேன். என் கணவர்தான் போய்விட்டுப் பையைக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் மலிவாக வாங்கியது போலிருக்கிறது என்று நினைத்து, நான் கேட்கவே இல்லை.

அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எல்லோரும் எவர்சில்வர் டப்பா கொடுக்கிறார்கள், நான் என் ஸ்டீலைத்தான் கொடுப்பேன் என்று அத்திம்பேர் ஒரே பிடிவாதம். சுப காரியத்தில் யாராவது கத்தி கொடுப்பார்களா, உறவு அறுந்துபோகும் என்று அக்கா சண்டை. கடைசியில் சாஸ்திரிகள்தான் வழி சொன்னாராம். பை வாங்குகிற ஒவ்வொருவரும் தாம்பாளத்தில் ஒரு ரூபாய் போட்டுவிட வேண்டும். அப்போது அது தானமாகாது, விலைக்கு வாங்கியதாகிவிடும். அப்படியே செய்தார்களாம்.

சும்மா கொடுத்திருந்தாலே வம்பு. இவர்கள் ஊரைக் கூட்டி விற்றே இருக்கிறார்கள்.

"அதோட மைக்ல வேற பேசினாரே, நீதான் இல்லாமப் போயிட்டே," என்றாள் அக்கா. "எத்தனை அடுக்கு, எவ்வளவு சூடுன்னு ஒண்ணு விடாம சொன்னார். எங்க பொண்ணு அதை வீடியோ எடுத்து அப்பவே நெட்ல போட்டாளே."

என் கணவரிடம், அந்தப் பேச்சைக் கேட்டீர்களா என்றேன். அப்போது இரண்டாவது பந்தியில் இருந்ததாகவும் பால் பாயசம் பிரமாதம் என்றும் சொன்னார்.

விண்ணப்பம் போடும் முன் கண்டுபிடித்தவரே ஊருக்குச் சொல்லிவிட்டாலோ விற்றுவிட்டாலோ, சட்டப்படி அது புதிது இல்லை; காப்புரிமையும் கிடையாது. விதிவிலக்குகள் சில உண்டு. ஒவ்வொன்றையும் எடுத்துக் கல்யாண ஹாலுக்குப் பொருந்துமா என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. பரிசோதனைக்காகக் கொடுத்தது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். வெற்றிலை பாக்கோடு யார் பரிசோதனை செய்வார்கள்?

மறுநாள் மாட்டுங்கா போனேன். முதலில் நல்லதைத்தான் சொன்னேன். இது ஏக்தம், முழுக்க முழுக்கப் புதிய யோசனை, நானே எதிர்பார்க்கவில்லை, இதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நிதானமாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு பையிலிருந்து அந்தக் கறுத்த கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

நான் விளக்கி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. கெட்டிக்காரருக்குக் கெட்ட செய்தி சொல்வதில் அது ஒரு கஷ்டம். அக்கா காப்பியைச் சுடவைக்கிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். காப்பி சூடாகத்தான் இருந்தது.

"அவ அன்னிக்கே சொன்னா, கத்தி குடுக்காதேங்கோன்னு," என்றார். ரொம்ப நேரம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப வேற யாராவது இதுக்கு பேட்டன்ட் வாங்கிட முடியுமா?"

"யாராலயும் முடியாது அத்திம்பேர். எவன் வந்து கேட்டாலும், இதை முன்னாடியே இவர் சொல்லிட்டார்னு உங்க வீடியோவைக் காட்டி பேட்டன்ட் ஆபீஸ்ல தள்ளிடுவா."

"இவர்னா, பேர் போட்டா?"

"பேர் போட்டுத்தான் எழுதுவா."

"நான் கேட்டாலும் அப்படித்தான் எழுதித் தள்ளுவாளா?"

"ஆமாம்."

"அப்ப என் பேர்ல ஒண்ணு போட்டுடு," என்றார்.

தேறாத விண்ணப்பத்தில் நான் கை வைத்ததே இல்லை. வாதாடிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார், நான் பள்ளிக்கூடம் போன நாளில் காத்திருந்த அதே மாதிரி. போட்டேன். கத்தியை, ஒரு ரூபாயை, மைக்கை, வீடியோவை, எதையும் மறைக்காமல் எழுதிப் போட்டேன்.

எதிர்பார்த்தபடியே மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா போய் அவர் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் பேர் இருந்த வரியை விரலால் தொட்டார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன். எனக்கு முன்னாடியே ஒருத்தர் இதைப் பண்ணியிருக்காராம். நான்தானாம்."