எவர்சில்வர் டம்ளரில் சிங்கிள் மால்ட்

நாங்க சிங்கிள் மால்ட் விஸ்கி குடிக்கிறது எவர்சில்வர் டம்ளர்ல. பார்க்கிறவங்க சிரிப்பாங்க. காரணம் இருக்கு.

மண்ணரைங்கிற ஊர்ல எனக்குச் சின்னதா ஒரு பனியன் யூனிட். ஞாயித்துக்கிழமை மெஷின் ஓடாது. மதியம் சாப்பிட்டுட்டு ஆபீஸ் ரூம்ல மூணு பேர் உட்காருவோம். நான், என் சம்சாரத்தோட தம்பி, நூல் ஏஜென்ட் பாய். மச்சினன் எக்ஸ்போர்ட் கம்பெனியில இருக்கிறான். துணி வாங்கற பையரைப் பார்க்க வெளிநாடு போவான். திரும்பும்போது ஏர்போர்ட்ல பாட்டில் வாங்கிட்டு வருவான். எல்லாம் ஸ்காட்லாந்து சரக்கு. பாய் குடிக்க மாட்டார். அதனால ஊத்துறது அவர் வேலை. குடிக்காதவர் ஊத்தினா சண்டை இல்லை.

ஆரம்பத்துல கண்ணாடி கிளாஸ்தான். ஆபீஸ்ல துணி ஷேடு பார்க்கிற லைட் பாக்ஸ் இருக்கு. பையர் ஒத்துக்கிட்ட சாம்பிள் துண்டையும், சாயப்பட்டறையில இருந்து வந்த துணியையும் அதுக்குள்ள பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். தனியாப் பார்த்தா எந்தச் சிவப்பும் சரியாத்தான் இருக்கும். பக்கத்துல இன்னொண்ணு வந்தாத்தான் வண்டவாளம் தெரியும். விஸ்கிக்கும் அதேதான்னு நினைச்சோம். கிளாஸை உள்ள வெச்சு லைட்டைப் போட்டோம். எது அடர்த்தியா இருக்கோ அதுதான் உசத்தின்னு பாஸ் பண்ணினோம். எங்க தொழில்ல டார்க் ஷேடுன்னா சாயம் அதிகம், விலையும் அதிகம். வேற எப்படி யோசிக்கத் தெரியும்?

ரொம்ப நாள் அப்படியே ஓடிச்சு. ஒரு வாரம் மச்சினன் பாட்டிலோட பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படிச்சான். கலருக்காகக் கேரமல் சேர்த்திருக்குன்னு போட்டிருந்துச்சு.

"ஏனுங் மாமா, இவனுகளும் சாயம் ஏத்தித்தான் அனுப்பறானுக!"

அன்னைக்கே கிளாஸை ஓரம் கட்டினோம். டம்ளர் வந்துச்சு. அதுல கலர் தெரியாது. மூக்கும் நாக்கும்தான். பாய் ஒரு பரீட்சை வெச்சார். மூணு டம்ளர் வைப்பார். ரெண்டுல ஒரே சரக்கு. ஒண்ணுல வேற. அந்த வேற எதுன்னு சொல்லணும். நான்தான் அதிகம் ஜெயிப்பேன். ஒண்ணுல தேன் வாடை, ஒண்ணுல காய்ஞ்ச திராட்சை. அதுக்கெல்லாம் வெள்ளைக்காரன் வெச்ச பேரு எனக்குத் தெரியாது. பிரிக்கத் தெரியும்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்துச்சு. ஊரே படுத்துச்சு. நானும் படுத்தேன். எந்திரிச்சேன். மூக்கு எந்திரிக்கலை.

முதல்ல பெருசா எடுத்துக்கலை. சோத்துல உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, போதும்னு இருந்தேன். ஒரு நாள் அயர்ன் டேபிள் பக்கத்துல நின்னு போன் பேசிட்டு இருந்தேன். எனக்குப் பின்னாடி ஒரு டீ-ஷர்ட் கருகிப் புகையுது. எனக்குத் தெரியலை. அந்தக் கோடியில இருந்து டெய்லர் கத்திக்கிட்டு ஓடி வந்தார். யூனிட் பூரா துணி, நூல், அட்டைப்பெட்டி. பத்திக்கிட்டா ஒண்ணும் மிஞ்சாது. ஊட்ல சம்சாரம் என்னைத் தனியா அடுப்புக்கிட்ட விடறதில்லை. கேஸ் கசிஞ்சாலும் தெரியாத ஆள்.

டாக்டர் எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் மூணையும் காலையும் சாயங்காலமும் மோந்து பார்க்கச் சொன்னார். வரலாம், வராமலும் போகலாம்னார். பார்த்தேன். ஒண்ணும் வரலை. விடலை.

ஞாயித்துக்கிழமையையும் விடலை. ஆனா மூணு டம்ளரும் ஒண்ணுதான். நாக்குல சுரீர்னு ஒரு காரம், தொண்டையில சூடு. அவ்வளவுதான். ஏதோ ஒண்ணைக் கை காட்டுவேன்.

"மாமா, உங்களுக்கு ஏர்போர்ட் சரக்கு வேஸ்ட்டுங். கடைக் குவாட்டரே போதும்."

"பேசாம குடிடா."

பாய் மட்டும் சிரிக்க மாட்டார். "கரண்ட் போயிருக்குங்க. வரும்" என்பார்.

"வரலைன்னா?"

"வரலைன்னா என்னோட டீ குடிங்க."

போன வருஷம் மழைக்காலத்துல ஒரு ஞாயிறு. மச்சினன் புதுசா ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தான். பாய் பீரோவுக்கு அந்தப் பக்கம் போய் ஊத்தி எடுத்து வந்தார். முதல் டம்ளர், ஒண்ணும் இல்லை. ரெண்டாவது, ஒண்ணும் இல்லை. மூணாவதைக் கீழ வெச்சேன். திரும்ப எடுத்தேன்.

"பாய், இதுல ஆஸ்பத்திரி இருக்கு."

மச்சினனுக்குப் புரையேறிடுச்சு. "மாமாவுக்கு ஊசி போடச் சொல்லுங்க பாய்!"

பாய் எந்திரிச்சார். "மறுபடி சொல்லுங்க."

"காயத்துக்குப் போடற டிஞ்சர். கூடவே ஈர மட்டை எரியற புகை."

அவர் சரின்னும் சொல்லலை, தப்புன்னும் சொல்லலை. டம்ளரை எல்லாம் கழுவி எடுத்துட்டுப் போய் மறுபடி ஊத்தினார். இந்தத் தடவை முதல் டம்ளர்ல இருந்துச்சு. காட்டினேன். மறுபடி போனார். நடு டம்ளர். காட்டினேன்.

மறுபடி வெச்சார். மூணையும் மோந்தேன். திரும்ப மோந்தேன்.

"இல்லைங்க பாய். எதுலயும் இல்லை."

"போச்சு, ஒண்ணுல இருந்தாகணுமே" என்றான் மச்சினன்.

பாய் அப்பத்தான் சிரிச்சார். "மூணும் பழைய பாட்டிலுங்க. இந்தத் தடவை புதுசை நான் ஊத்தவே இல்லை. குருட்டாம்போக்கா சொல்றாரான்னு பார்த்தேன்."

மச்சினன் விசில் அடிச்சான். நாற்காலி சாய்ஞ்சு விழுந்துச்சு. அந்தச் சரக்கு ஐலாங்கிற தீவுல செய்யறதாம். மக்கிப்போன சேத்து மண்ணை வெட்டிக் காய வெச்சு, அதை எரிச்ச புகையில தானியத்தை வாட்டுவாங்களாம். அவன் போன்ல பார்த்துப் படிச்சான். நான் டம்ளரைக் கீழ வைக்கவே இல்லை.

சம்சாரத்துக்குப் போன் போட்டேன்.

"வந்துடுச்சு."

"யாரு?"

"மூக்கு."

"குடிச்சிருக்கீங்களா?"

"ஆமா."

"இன்னும் ரெண்டு குடிச்சுட்டு வாங்க."

கல்யாணமாகி அப்படி ஒரு வார்த்தை சொன்னது அன்னைக்குத்தான்.

தேன், திராட்சை எல்லாம் இன்னும் பிடிபடலை. வரட்டும். வழி திறந்துடுச்சு.

சாயங்காலம் பாய் ஸ்கூட்டர்ல என்னை ஊட்டுல விடக் கூட்டிட்டுப் போனார். ஆத்துப் பாலத்து மேல ஏறினதும் அவர் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். எதிர்ல வந்த எல்லாரும் முகத்தை மூடிக்கிட்டு வேகமாப் போனாங்க. பாய் கர்ச்சீப்பை எடுத்து மூக்குல வெச்சார்.

"ஏனுங்க, நிறுத்த வேற எடமே கிடைக்கலீங்களா?"

கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சாக்கடை, அழுகின காய்கறி, செத்த எலி. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். நெஞ்சு முட்ட இழுத்தேன்.

"போலாமுங்களா?"

"இருங்க பாய். இன்னொரு தடவை."