வாலை எண்ணிய உத்தியோகம்

பூச்சியின் வாலை எண்ணுவதும் ஓர் உத்தியோகம்தான் என்பதை என் வீட்டார் கடைசிவரை நம்பவில்லை. அலைந்து திரிந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய சக பாவிகளே, நீங்களாவது நம்புங்கள். நான் கல்லூரியில் தற்காலிக உதவியாளன். ஓடும் தண்ணீரில், கல்லுக்கு அடியில் வளரும் கல் ஈயின் குஞ்சு ஒன்றையாவது கொண்டுவந்தால்தான் வேலை நீடிக்கும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அடையாளம் எளிது: இரண்டு வால், கால் இடுக்கில் செவுள். அதன் பங்காளியான ஒருநாள் பூச்சியின் குஞ்சுக்குப் பெரும்பாலும் மூன்று வால், செவுள் வயிற்றோரம்.

கல்லுக்கு எங்கே போவது?

டெல்டா வயல்களுக்கு நடுவிலிருக்கும் பாபநாசத்தில் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கினேன். அள்ளிய இடமெல்லாம் வண்டல். ஒரு மதகடியில் கருங்கற்களைக் கண்டதும் சந்தோஷம் தாங்காமல் பெரிய கல்லாகப் பார்த்துப் புரட்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று பக்கத்து வயலுக்குள் பாய்ந்தது. முறைத் தண்ணீருக்காக யாரோ வைத்த அடைப்பாம் அது. மண்வெட்டியோடு ஓடிவந்த விவசாயி என் சல்லடையைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"சார், பூச்சிதானே? என் பயிர்ல எவ்வளவு வேணும்னாலும் புடிச்சுக்குங்க. கல்ல மட்டும் வச்சுட்டுப் போங்க."

நான் யார் ஆள்?

கீழ்வேளூர்ப் பக்கம் அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்த நேரம். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் குனிந்து நின்ற என்னை, மிராசுதாரின் ஒற்றன் என்று பிடித்துக்கொண்டார்கள் செங்கொடிச் சங்கத்துக்காரர்கள். சத்தம் கேட்டு வந்த மிராசுதாரின் காரியக்காரரோ, நான் சங்கத்து ஆள் என்றார். நான் பொய் சொல்கிறேன் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒற்றுமை. நிஜமாகவே பயந்துபோனேன். அன்று அள்ளித் தட்டில் வைத்திருந்த ஒருநாள் பூச்சிக் குஞ்சைக் காட்டி, வால் கணக்கை விளக்கினேன். சங்கத் தலைவர் என் லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"அரைப்படி நெல்லு ஏத்திக் கேட்டு நாங்க நடுரோட்டுல நிக்கிறோம். வாலு எண்ண உங்களுக்குச் சம்பளமாங்க?"

கிடைத்துவிட்டது!

கடைசியில் ஆற்றின் ஓர் அணைக்குக் கீழே, பாசி படிந்த ஒரு கல்லடியில் ஒன்று ஓடியது. இடுக்கியால் கவ்விக் குப்பியில் போட்டு எண்ணினேன்: இரண்டே வால்! செவுளைப் பார்க்கும் பொறுமை யாருக்கு இருந்தது? வேலை நிரந்தரமாகிவிட்டது என்ற நினைப்பிலேயே பேராசிரியர் அறைக்குள் நுழைந்தேன். அவர் நுண்நோக்கியில் கண் வைத்தார். பிறகு என் கையிலிருந்த இடுக்கியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"வயித்தோரம் பூரா செவுள் இருக்கேப்பா. மூணாவது வாலு இங்க ஒட்டிக்கிட்டிருக்கு, பாரு."

இப்போது பாபநாசத்தில் பூச்சிமருந்துக் கடையில் இருக்கிறேன். இங்கே எந்தப் பூச்சிக்கும் யாரும் வால் எண்ணுவதில்லை.