எந்த செலக்‌ஷனுக்கு ஓடுகிறாள்?

போலீஸ் தேர்வுக்கான வயது எனக்குப் போன மாதம் முடிந்தது. அன்றிலிருந்து காலை ஓட்டத்துக்கும் தடை.

"செலக்‌ஷனே இல்ல, பொறவு எதுக்குட்டி ரோட்டுல ஓடுத?" என்கிறார் அம்மா.

மூன்று வருடம் ஓடிய கால்கள் ஐந்து மணிக்கே விழித்துக்கொள்கின்றன. நான் படுத்தே கிடக்கிறேன்.

இன்று ராஜபாளையம் பஸ்ஸில் மாரியைப் பார்த்தேன். மம்சாபுரம் ரோட்டில் என்னோடு ஓடிப் பழகியவன். இப்போது ராணுவத்தில், காஷ்மீரில் இருக்கிறான். லீவில் வந்திருக்கிறான்.

போனில் ஒரு வீடியோ காட்டினான். காலில் நீளப் பலகைகளை மாட்டி, கையில் கம்புகளை ஊன்றி, ராணுவக்காரர்கள் பனிக்காட்டுக்குள் சறுக்கிக்கொண்டு போகிறார்கள். தலை நரைத்த ஒரு பெண் அவர்கள் எல்லோரையும் முந்துகிறாள்.

"யாருலே அது?"

"வெளிநாட்டுக்கார அம்மா. அறுபது வயசாம். எங்களால பிடிக்க முடியல."

"எந்த செலக்‌ஷனுக்கு ஓடுதாக?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தான். "ஏட்டி, வேலைக்கு இல்ல. சும்மாதான். வெயில் காலத்துல ஓட்டம், பனி காலத்துல இது. சின்ன வயசுல இருந்தே இப்படித்தானாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். மில்லில் நாள் முழுக்க நின்று ஒரு பெண் வேர்த்தால் இங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. தனக்காக வேர்த்தால் கேட்கிறார்கள்.

பனி வேண்டாம். அறுபதிலும் ஓடுகிற அந்தக் கால்கள் வேண்டும்.

நாளை ஓடப் போகிறேன். அம்மாவிடம் சொல்ல உருப்படியான பொய் இருந்தால் கமெண்டில் போடுங்கள். ஓடப் பிடித்திருக்கிறது என்ற உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் நம்பவில்லை.